ஸ்க்ரூ டிரைவர் உள்ள போன இடம்

இப்படி உள்ள நகந்து உக்காருங்க அண்ணாச்சி, கம்பி முட்டும். இந்த பஸ்ஸு பிரேக் புடிச்சா இடது பக்கம் இழுக்கு, கவனிச்சீங்களா? முன் சக்கரத்துல லைனிங் தேஞ்சு போயிருக்கு. எனக்குக் காதுலயே கேக்குது. இருவத்தெட்டு வருசம் ஸ்டியரிங் புடிச்சவன் நான். இதுக்கு எவன் எஃப்.சி. குடுத்தான்னு கேளுங்க. யாரும் கேக்க மாட்டாங்க. என் வண்டியக் கேக்க மட்டும் ஊர்ல உள்ளவன் பூரா வந்துட்டான்.

எம் பேரு சேர்மத்துரை. டாக்ஸி ஓட்டுனேன். ஓட்டுதேன்னு சொல்ல முடியாது, லைசென்ஸ் ஆறு மாசமா ஆபீஸ்ல கெடக்கு. இன்னைக்குத்தான் திருப்பித் தாரேன்னு சொல்லிருக்காங்க, அத வாங்கத்தான் போறேன். வாங்கி என்ன செய்ய? ஓட்ட வண்டி வேணும்லா.

சின்ன வண்டிதான். வெள்ளக் காரு. எட்டு வருசம் ஓடுன வண்டிய வாங்கி நான் பதினோரு வருசம் ஓட்டுனேன். மஞ்ச போர்டு. மஞ்ச போர்டுன்னா வருசா வருசம் ஆபீஸ் கிரவுண்டுல கொண்டு போயி நிப்பாட்டணும். பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்து, இது ரோட்டுல ஓடலாம்னு சர்ட்டிபிகேட் குடுக்கணும். அதுதான் எஃப்.சி. நாறப் பொழப்பு அண்ணாச்சி அது. மனுசனுக்கு வருசா வருசம் பரீச்ச வைக்கானா? அறுவது வயசுல என்னயக் கொண்டு போயி யாராவது கிரவுண்டுல நிப்பாட்டி, நீ ஓடுவியான்னு கேட்டானா?

முந்தி இருந்த இன்ஸ்பெக்டர்மாரு நல்ல மனுசங்க. தகரக் கொட்டகையில நாற்காலியப் போட்டு உக்காந்திருப்பாங்க. ‘ஹார்ன் அடி’ம்பாங்க, அடிப்பேன். ‘லைட்டப் போடு’ம்பாங்க, போடுவேன். ‘போ’ம்பாங்க. அவ்வளவுதான். ஒரு நா நாற்காலிய விட்டு எந்திரிச்சதில்ல. மரியாத தெரிஞ்சவங்க.

நானும் சும்மா போக மாட்டேன். எஃப்.சி.க்கு ஒரு வாரம் முன்னாலயே வேல ஆரம்பிச்சிரும். செல்வின்னு நமக்கு ஒரு சிநேகிதன். அவனும் இதே வண்டி, இதே கலரு, என் வண்டிய விட மூணு வருசம் எளசு. அவன் வண்டியக் கொட்டகைக்குள்ள விட்டு, துணி போட்டு மூடி, பச்சப் புள்ள மாதிரி வச்சிருப்பான். அவன் வண்டியிலருந்து நாலு டயரையும் கழட்டி என் வண்டியில மாட்டுவேன். காட்டிட்டு வந்து சாயங்காலமே திருப்பிக் குடுத்துருவேன். தீயணைக்கிற சிலிண்டரு பக்கத்துக் கல்யாண மண்டபத்துல இருந்து வரும். பெயிண்டு அடிச்சு, தரைக்கு ரப்பர் மேட்டுப் போட்டு, டாஷ்போர்டுல முருகனுக்கு ஒரு மாலையும் போட்டுட்டா மாப்பிள மாதிரி நிக்கும் வண்டி. ஏழு வருசம் இப்படித்தான். ஒரு வருசம் தவறுனதில்ல. அந்த ஆபீஸ்ல போயிக் கேளுங்க, சேர்மத்துரை வண்டி ஒரு தடவ திரும்பியிருக்கான்னு.

இந்தப் பொம்பள வர்ற வரைக்கும்.

பேரு பொற்கொடி. முப்பது வயசு இருக்குமா? இருக்காது. போன ஆகஸ்டுல கிரவுண்டுக்குப் போறேன், காக்கி உடுப்பப் போட்டுக்கிட்டு அது நிக்கி. வரிசையில எனக்கு முன்னால ஒன்பது வண்டி. ஒரு மணி நேரமாகியும் மூணு வண்டிதான் நகந்திருக்கு. என்னன்னு எட்டிப் பாத்தா, தரையில பேப்பர விரிச்சு, வண்டிக்கடியில மல்லாக்கப் படுத்துக் கெடக்கு! பொம்பளப் புள்ள! காலு ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு! எனக்குக் கண்றாவியா இருந்துச்சு. ஆபீசர்னா ஆபீசர் மாதிரி இருக்கணும். நம்ம மெக்கானிக்கே இப்பல்லாம் கீழ படுக்க மாட்டேங்கான்.

என் முறை வந்துச்சு. ஹார்ன் அடிச்சேன், லைட்டப் போட்டேன். தலைய ஆட்டிக்கிட்டு அடியில போயிட்டு. டக்கு டக்குன்னு தட்டுத சத்தம் கேக்குது. அப்புறம் சத்தத்தக் காணும். பின் சீட்டு மேட்டப் பாத்தா, லேசா ஒரு எடத்துல தூக்குது அண்ணாச்சி. சுண்டெலி உள்ள இருந்து முட்டுன மாதிரி. நான் குனிஞ்சு மேட்ட விலக்குனேன். தரையக் கிழிச்சுக்கிட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனி வெளிய நிக்கி.

வெளிய வந்து, முதுகுல மண்ணத் தட்டிக்கிட்டு, “ஐயா, அடித்தளம் பூரா இத்துப் போயிருக்கு. பின் அச்சு புடிக்கிற எடமும் போயிட்டு. எதுல நிக்குதுன்னே தெரியல”ங்குது.

“மேடம், கூர் ஆயுதத்த வச்சுக் குத்துனா மனுசன் வயிறே ஓட்டையாகும். தகரம் ஆகாதா?”ன்னேன்.

அது சிரிக்கல. “நான் குத்தலங்கய்யா. வச்சேன். உள்ள போயிட்டு. இதுல என்ன ஏத்துவீங்க?”

“மூணு டீச்சர்மார தெனமும் பள்ளிக்கொடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“அதச் சொல்லல. உப்பு ஏதாவது ஏத்துனீங்களா?”

உப்பு ஏத்த நான் என்ன உப்பளத்துக்காரனா? கொஞ்ச நா கருவாட்டு மூட ஏத்துனேன். ஒரு அஞ்சு வருசம். டீச்சர்மார எறக்கி விட்டுட்டு வரும்போது வண்டி சும்மாத்தான வருது, மார்க்கெட்டுக்கு ரெண்டு மூட வந்தா என்ன கொறஞ்சு போச்சு? மீன் கூடையும் ஏத்துவேன், எப்பவாவது. தண்ணி கொஞ்சம் சொட்டும். அதுக்கும் தகரத்துக்கும் என்ன சம்பந்தம்? எங்க ஊரு கடக்காத்து அப்படி. கடக்காத்துல எந்த இரும்பு நிக்கும்?

ஃபெயில்னு எழுதிக் கையில குடுத்துட்டு. வீட்டுக்கு வந்தேன். எம் பொண்டாட்டி புஷ்பக்கனி, “என்னங்க சொன்னாங்க?”ன்னா. “ஹார்ன் சத்தம் பத்தாதாம். மாத்திட்டு வரச் சொன்னாங்க”ன்னேன். பொம்பளகிட்டப் போயி அச்சு, தரைன்னா என்ன புரியும்?

பதினஞ்சு நாள்ல திரும்பவும் போனேன். இந்தத் தடவ டிங்கர் கட இசக்கியப்பன வச்சு, ஓட்டை இருந்த எடத்துல பூரா தகரத்த வெட்டி வச்சு, பட்டி பூசி, அடியில கருப்புப் பெயிண்டு அடிச்சு, மேல புது மேட்டு. பாத்தா ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி. இசக்கியப்பன் சொன்னான், “அண்ணாச்சி, இது பாக்கதுக்குத்தான். பாரம் தாங்காது.” நான் சொன்னேன், “ஏல, பாக்கதுக்குத்தான கொண்டு போறேன்.”

இந்தத் தடவ ஸ்க்ரூ டிரைவர் இல்ல. சின்னதா ஒரு சுத்தியல். டாக்டர் முட்டியில தட்டுவாருல்லா, அந்த மாதிரி தட்டிக்கிட்டே வருது. டங்கு, டங்கு, டங்கு, பொத்து. அங்கன நிப்பாட்டுச்சு. நகத்தால சுரண்டுச்சு. பட்டி கட்டியா உதுந்து அது மூஞ்சியில விழுந்துச்சு. நல்லா விழட்டும்னு நெனச்சேன்.

கண்ணத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சு, மெதுவா, “ஐயா, உங்க வயசுக்கு நான் சொல்லக் கூடாது. இத ஓட்டாதீங்க. நிதானமாப் போனாலும் ஒரு நாளு பின் சக்கரம் தனியாப் போயிரும்”னு சொல்லுச்சு. எல்லாரும் கேக்க! வரிசையில நின்ன டிரைவர் பூரா கேக்க! எனக்கு எப்படி இருந்திருக்கும்? காறித் துப்பணும் போல இருந்துச்சு. அரசாங்க ஆபீஸ் கிரவுண்டுன்னு முழுங்கிட்டேன்.

சரி, நமக்கு வேற ஊரே இல்லையா? வேற ஒரு ஊருல ஒரு ஆபீஸ். பேரு வேண்டாம். அங்க ஒரு புரோக்கரு இருக்கான்னு சொன்னாங்க. அவன் போன்லயே சொன்னான், “வண்டி வந்தாப் போதும் அண்ணாச்சி, யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்க. ஆனா போட்டோ எடுப்பாங்க, வண்டி கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கணும்.” அப்பத்தான் எனக்கு யோசன வந்துச்சு. பளிச்சுன்னு இருக்குத வண்டி செல்வின்கிட்ட இருக்கே!

செல்வின் மொதல்ல ஒத்துக்கிடல. “வேண்டாம்ணே, டயருன்னா பரவால்ல. நம்பர் பிளேட்ட மாத்துறது தப்பு”ன்னான். “ஏல, உன் மக கல்யாணத்துக்கு மூணு நா வண்டி ஓட்டுனது யாரு?”ன்னேன். ஸ்பேனர எடுத்துக்கிட்டு வந்தான். எங்க வீட்டு வாசல்ல வச்சுத்தான் என் நம்பர் பிளேட்டக் கழட்டி அவன் வண்டியில மாட்டுனோம். புஷ்பக்கனி டீ கொண்டாந்து குடுத்தா. எதுக்குக் கழட்டுதீங்கன்னா. கழுவத்தான்னேன். வண்டியோட அடிச்சட்டத்துல வெட்டியிருக்க சேஸ் நம்பர பேப்பர் வச்சு பென்சில்ல தேய்ச்சு எடுத்து பாரத்துல ஒட்டணும். அத என் வண்டியில தேய்ச்சேன். வண்டி அவனுது, நம்பரு என்னுது. போனோம், நிப்பாட்டுனோம், ஒருத்தரும் குனியல, போட்டோ எடுத்தாங்க, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள சர்ட்டிபிகேட் கையில.

அரசாங்க முத்திர அண்ணாச்சி! இந்த வண்டி நல்லா இருக்குன்னு அரசாங்கம் சொல்லுது. அதுக்கு மேல யாரு பேச முடியும்? மறுநா வேணும்னே பொற்கொடி நிக்கிற கிரவுண்டு வழியா ரெண்டு தடவ ஓட்டிட்டுப் போனேன்.

அந்த ஐப்பசியில எம் பொண்டாட்டி தங்கச்சி மக வசந்திக்கு ஏழு மாசம். புள்ள பெறுததுக்கு முன்னால திருச்செந்தூருக்குப் போயிக் கும்புட்டுட்டு வரணும்னா. புஷ்பக்கனிதான், “நம்ம வண்டி இருக்கும்போது வேற வண்டி எதுக்கு? எஃப்.சி. எல்லாம் புதுசா முடிஞ்சிருக்கு”ன்னு எல்லாரையும் கூப்பிட்டா. வசந்திய பின் சீட்டுல நடுவுல உக்கார வச்சு, முதுகுக்குத் தலகாணி குடுத்து, இவ எப்பவும் போல முன்னால எம் பக்கத்துல உக்காந்தா. போயிட்டு வந்தோம். ஒண்ணும் ஆகல. நான் அடிச்சுச் சொல்லுதேன், ஒண்ணும் ஆகல. கொஞ்சம் ஆட்டம் இருந்துச்சு, ரோடு அப்படி.

ஆனது கார்த்திகையில. நல்ல மழ. டீச்சர்மாரக் கூட்டிட்டுப் போறேன். ஹெலன் டீச்சர் பின்னால இடது பக்கம். கொஞ்சம் கனத்த உடம்பு, நான் குத்தமாச் சொல்லல. ஒரு பள்ளத்துல வண்டி எறங்கி ஏறுச்சு. பின்னாலருந்து ‘ஐயோ’ன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, டீச்சரோட காலு மேட்டோட சேந்து கீழ போயிட்டு. ரோட்டுல தண்ணி ஓடுதத உள்ள இருந்தே பாக்கலாம். பக்கத்துல இருந்த ரெண்டு டீச்சரும் அவுங்களத் தூக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. நான் உடனே நிப்பாட்டுனேன்லா? ஒரு சிராய்ப்பு, முழங்காலுக்குக் கீழ. செருப்பு ஒண்ணு போயிட்டு. “புதுச் செருப்பு வாங்கித் தாரேன் டீச்சர்”னேன். அவுங்க மூணு பேரும் மழயில எறங்கி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. எட்டு வருசப் பழக்கம்! ஹெலன் டீச்சர் ஒத்தச் செருப்பக் கையில புடிச்சுக்கிட்டுப் போறாங்க. கூப்பிடக் கூப்பிடத் திரும்பல. மனுசங்க அவ்வளவுதான் அண்ணாச்சி.

நாலு நா கழிச்சு, ஓட்டைய வேற மேட்டப் போட்டு மூடிட்டு சவாரிக்கு வாரேன், பள்ளிக்கொடத்து ரோட்டு முனையில ஜீப்பு நிக்கி. பொற்கொடி கைய நீட்டுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்புத்தான். சர்ட்டிபிகேட்ட எடுத்து நீட்டுனேன். அது வாங்கிப் பாத்துட்டு, போன்ல ஒரு போட்டோவக் காட்டுச்சு. அந்த ஊரு ஆபீஸ்ல எடுத்த போட்டோ. கண்ணாடிக்குப் பின்னால செல்வினோட சிலுவ தொங்குது.

“ஆகஸ்டுல வந்தப்ப முருகன் இருந்தாரு. செப்டம்பர்ல சிலுவ. இப்பத் திரும்பவும் முருகனா ஐயா?”

எம்மதமும் சம்மதம்னேன். பக்கத்துல நின்ன போலீஸ்காரர் சிரிச்சிட்டாரு. அது சிரிக்கல. அது சிரிச்சு நான் பாத்ததே இல்ல. சாவிய வாங்கிட்டு. வண்டிய ஜீப்புக்குப் பின்னால கட்டி இழுத்துட்டுப் போகக் கூட இல்ல, லாரியில ஏத்துனாங்க. ‘இழுத்தா ரெண்டாப் பிரிஞ்சிரும்’னு சொல்லுச்சு. பர்மிட்டு ரத்து. வண்டிய ஒடச்சிரணும்னு உத்தரவு. எனக்கு ஆறு மாசம் லைசென்ஸ் கெடையாது. செல்வினுக்கு மூணு மாசம்.

எனக்கு யாரு மேல சந்தேகம் வரும், நீங்களே சொல்லுங்க. செல்வினத் தவுர யாருக்கு இது தெரியும்? நேரா அவன் தெருவுக்குப் போனேன். கூடி நின்ன சனத்துக்கு முன்னால வாயில வந்தத எல்லாம் ஏசுனேன். காட்டிக் குடுத்த பயலேன்னேன். அவன் வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தான். கடைசியில, “முடிச்சிட்டியளாண்ணே?”ன்னு கேட்டுட்டு உள்ள போயிக் கதவச் சாத்திட்டான்.

வீட்டுக்கு வந்து, அவன அப்படிக் கேட்டேன் இப்படிக் கேட்டேன்னு புஷ்பக்கனிகிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன். அவ மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்தா. தல நிமிராம சொல்லுதா, “அந்த மனுசன எதுக்கு ஏசுனீங்க? நான்தான் போயிச் சொன்னேன்.”

“என்ன?”

“ஹெலன் டீச்சரப் போயிப் பாத்தேன். காலுல கட்டுப் போட்டிருக்காங்க. ஏழு தையல். நடந்தத அவுங்ககிட்டக் கேட்டுட்டு நேரா ஆபீஸுக்குப் போயி, வண்டி எதுக்கு ஃபெயிலாச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டு, நானும் எல்லாத்தையும் சொன்னேன். நம்பர் பிளேட்டு மாத்துனத நான் பாத்தேன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.”

சிராய்ப்புன்னுதான் நான் நெனச்சேன். தையல் போட்டது எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொன்னாத்தான.

“கட்டுன புருசனப் போயிக் காட்டிக் குடுத்தியா?”ன்னேன்.

அப்பதான் நிமிந்தா. “ஹார்ன் சத்தம் பத்தலன்னு சொன்னீங்க. நான் அத நம்பி வசந்திய அந்தச் சீட்டுல உக்கார வச்சேன். தலகாணி குடுத்து உக்கார வச்சேன்”னா. கத்தி கையில இருந்துச்சு, மீன் இருந்துச்சு, ஆயிறத நிப்பாட்டிட்டா. அவ்வளவுதான்.

அன்னையிலருந்து ஒரு மாசம் நான் அவகூட பேசல. சாப்பாடு வைப்பா, சாப்பிடுவேன். அவ கைச் சோறு எறங்கவே மாட்டேங்கும். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு சாப்பிட்டுத்தான ஆகணும்.

மார்கழியில வண்டிய ஒடைக்கக் கொண்டு போறோம், வந்து கையெழுத்துப் போடுங்கன்னு ஆளு வந்துச்சு. நான் கெளம்புனேன். இவளும் சேலய மாத்திக்கிட்டுக் கூடவே வாரா. வராதன்னு சொல்லணும்னா பேசணும்லா? பேசல. வந்தா.

பழைய இரும்புக் கட. பெரிய மதிலு. வண்டி நடுவுல நிக்கி, சக்கரமெல்லாம் கழட்டி, செங்கல்லு மேல. கேஸ் கட்டர் புடிக்கிற ஆளு ஒருத்தன் வந்து பின் சீட்டத் தூக்கி எறிஞ்சான். மேட்ட உரிச்சான். கட்டரப் பத்த வைக்கவே இல்ல அண்ணாச்சி. தரைய கையால உரிச்சான். அப்பளம் மாதிரி உதுருது. அடியில பின் அச்சு மாட்டியிருக்க எடத்துல காலால ஒரு எத்து விட்டான். லேசான எத்துதான். அச்சு அப்படியே மண்ணுல விழுந்துட்டு.

அவன் மத்த ஆளுகளக் கூப்பிட்டான். “ஏ, இங்க வந்து பாருங்கடே. இதுல ஆளு ஏத்தி ஓட்டியிருக்கான் ஒருத்தன்!” நாலஞ்சு பேரு சிரிச்சுக்கிட்டே வந்துட்டானுவ. ஒருத்தன் குனிஞ்சு பாத்துட்டு மூக்கப் பொத்துதான். கருவாட்டு நாத்தமாம். அத்தன வருசம் கழிச்சு எப்படி அடிக்கும்? ஆனா அடிச்சுச்சு. எனக்கும் அடிச்சுச்சு.

கட்டர்க்காரன் எம் பக்கம் திரும்பி, “உங்க வண்டியாய்யா?”ன்னான்.

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. “இல்லப்பா, கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்புனாங்க. வந்தேன்”னு சொல்லிட்டேன்.

பதினோரு வருசம் சோறு போட்ட வண்டி. வாய் கூசாம சொல்லிட்டேன்.

பின்னாலருந்து இவ முன்னால வந்தா. “எங்க வண்டிதாம்ப்பா”ன்னா. சத்தமாக் கூட சொல்லல. “இவுகதான் ஓட்டுனது. நான் எப்பவும் முன் சீட்டுல இருப்பேன். நீ உரிச்சு எடுத்தியே, அந்த எடத்துல ஏழு மாசப் புள்ளத்தாச்சிய உக்கார வச்சிருந்தேன்.”

சிரிச்சவன் எல்லாம் நிப்பாட்டிட்டான். கட்டர்க்காரன் கையில ஒட்டியிருந்த துருவ சட்டையில தொடச்சுக்கிட்டு, “நல்ல வேள தாயி”ன்னான். அவ்வளவுதான் சொன்னான். எம் மூஞ்சிய அவன் பாக்கல.

எத்தன பேரு முன்னால அசிங்கப்படுத்திட்டா பாருங்க. மதிலு ஓரமாப் போயி வாந்தி எடுத்தேன். காலையில குடிச்ச காப்பி, அதுக்கு முன்னால தின்னது, எல்லாம் வெளிய வந்துட்டு. அதுக்கப்புறமும் நிக்கல. வெறும் வயிறு ஒக்களிக்குது. யாரோ பின்னால வந்து நெத்தியப் புடிச்சாங்க. வேற யாரு, அவதான். பாட்டில்ல தண்ணி வச்சிருந்தா. வாயக் கொப்புளிக்கக் குடுத்தா. ஒரு மாசத்துக்கு அப்புறம் நான் அவகிட்டப் பேசுன மொத வார்த்த இதுதான்.

“வெயிலு”ன்னேன்.

மார்கழி மாசம் அண்ணாச்சி, காலையில ஒன்பது மணி. மதிலு மேல இன்னும் பனி ஈரம் காயல. மார்கழியில என்ன வெயிலுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானும் நாலு ஏச்சு ஏசி மனச ஆத்தியிருப்பேன். அவ கேக்கல. சேல முந்தியால என் வாயத் தொடச்சுவிட்டுட்டு, “ஆமா, வெயிலுதான்”னா.